வெடிக்காத வேன்

டிவிடி உறையில் ஒரு டாங்கி எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால், முகத்தில் கரி பூசிய வீரன் ஒருவன் இரண்டு கைகளிலும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து நின்றான். தீ நாக்குகளால் எழுதியதுபோல மேலே ‘டேன்ஜரின்ஸ்’ என்று படத்தின் பெயர். பின்பக்கம் அச்சிட்டிருந்த கதைச் சுருக்கத்தில், காணாமல் போன அணுகுண்டைத் தேடி ஒரு கமாண்டோ படை மலைக்காட்டுக்குள் இறங்குகிறது. மதுரையில் மூடப்போகும் கடையொன்றில், மிச்சமிருந்த டிவிடிகளைக் கூடையில் கொட்டி வைத்துக் கிடைத்த விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சண்டைப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாத என் மைத்துனருக்காக அதையும் எடுத்துவந்தேன்.

அவர் அந்த வாரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா, “அதைத்தான் போடேன், பார்ப்போம்” என்றார். அம்மா உறையைப் பார்த்ததுமே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். “வெட்டும் குத்தும் உங்களோடேயே இருக்கட்டும்” என்றார்.

படம் ஒரு மரப் பட்டறையில் தொடங்குகிறது. வெள்ளைத் தாடி வைத்த முதியவர் ஒருவர் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பாதி முடிந்த பெட்டிகள். ஆயுதம் தாங்கிய இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்கிறார்கள். கமலா ஆரஞ்சுக்குப் பெட்டி செய்கிறேன் என்கிறார். படத்தின் பெயரிலிருக்கும் டேன்ஜரின் அதுதான். பிறகு அவர்களுக்குச் சாப்பிட ஏதாவது வேண்டும். கொடுக்கிறார். கையில் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் பேசுகிற குரலாகவே அது இல்லை. வாசலுக்கு வந்த வெளியூர்க்காரனிடம் பேசுகிற குரல்.

என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். அப்பா வத்தலக்குண்டில் பழப்பெட்டி அடித்தவர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்து மலை ஆரஞ்சும் மலைவாழையும் இறங்கிவரும் காலத்தில், கமிஷன் கடைகளுக்குப் பெட்டி செய்துகொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரத்தின் பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும், ஆனால் பழம் பிதுங்கக் கூடாது. ஆணி உள்பக்கம் ஒரு நூலளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் ஒரு பழத்தைக் கிழித்துவிடும், அது அழுகி மற்றதையும் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தபிறகு அந்த வேலை போயிற்று. அப்பா கட்டில், நாற்காலி என்று மாறிக்கொண்டார். பழப்பெட்டி செய்கிற ஒரு மனிதனைத் திரையில் பார்ப்போம் என்று அவரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. அதுவும் அந்த உறைக்குள்ளிருந்து.

அந்த முதியவரின் பெயர் இவோ. எஸ்டோனியர். ஆனால் கதை நடப்பது எஸ்டோனியாவில் அல்ல. அங்கிருந்து வெகுதொலைவில், கருங்கடலோரம் இருக்கும் அப்காசியாவில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசு காகசஸைப் பிடித்தபோது, அப்காசியர்கள் பெருந்தொகையாக உதுமானியப் பேரரசுக்குள் துரத்தப்பட்டார்கள். ஆளில்லாமல் கிடந்த நிலங்களில் ரஷ்யப் பேரரசின் பிற மூலைகளிலிருந்து விவசாயிகள் குடியேறினார்கள். 1880களில் பால்டிக் கடலோரத்துக் குளிரிலிருந்து வந்த எஸ்டோனியர்கள் அவர்களில் ஒரு பகுதி. வந்த இடத்தில் ‘எஸ்டோனியா’ என்றே ஒரு கிராமத்துக்குப் பெயர் வைத்து, நூறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். அந்த மண்ணும் கடல்காற்றும் கமலா ஆரஞ்சுக்கு ஏற்றவை. சோவியத் காலத்தில் புத்தாண்டு மேசைக்கு ஆரஞ்சு வந்ததென்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துதான்.

சோவியத் ஒன்றியம் உடைந்தது. ஜார்ஜியா தனிநாடாயிற்று. அதிலிருந்து அப்காசியா பிரிய முயன்றது. 1992 ஆகஸ்டில் போர் மூண்டது. 1993 செப்டம்பர் இறுதியில் சுகுமி நகரம் ஜார்ஜியர்களின் கையை விட்டுப் போனதோடு முடிந்தது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஜார்ஜியர்கள் வீடிழந்து வெளியேறினார்கள். வடகாகசஸிலிருந்து செச்சென் வீரர்கள் அப்காசியர்களின் பக்கம் நின்று சண்டையிட வந்தார்கள். எஸ்டோனியர்கள் பெரும்பாலும் தாத்தாவின் நாட்டுக்குப் போய்விட்டார்கள். படத்தின் கிராமத்தில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று பேர். பெட்டி செய்யும் இவோ. ஆரஞ்சுத் தோட்டக்காரர் மார்குஸ். கிளம்பத் தயாராக இருக்கும் ஒரு மருத்துவர். மரத்தில் பழம் முற்றிப் பழுத்து நிற்கிறது, பறிக்க ஆளில்லை. இந்த ஒரு மகசூலை எடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று மார்குஸ் காத்திருக்கிறார். பணம் அவருக்கு வேண்டும்தான். ஆனால் பணத்தைவிட, விளைந்தது மண்ணில் விழுந்து வீணாகிறதே என்ற வேதனையை அவர் முகத்தில் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் விலை படுத்துவிட்ட தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுத் திரும்பும் விவசாயியின் முகமும் அதுதான்.

ஒருநாள் வீட்டு வாசலிலேயே சண்டை நடக்கிறது. சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. செச்சென் வீரன் அகமது காயத்துடன் தப்புகிறான்; அவனுடைய நண்பன் இறந்துவிட்டான். இறந்த ஜார்ஜியர்களை இவோவும் மார்குஸும் புதைக்கும்போது அவர்களில் ஒருவனுக்கு மூச்சு இருக்கிறது. அவன் நிக்கோ, தலையில் குண்டுச் சிதறல் பாய்ந்தவன். இருவரையுமே தன் வீட்டுக்குத் தூக்கிவந்து, ஆளுக்கொரு அறையில் படுக்கவைக்கிறார் இவோ. மிச்சப் படம் பெரும்பாலும் இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே இருக்கும் சமையலறையில்தான்.

அதற்கு முன்னால் ஒரு சிறிய காட்சி இருக்கிறது. சண்டையின் தடயம் தெரியக்கூடாது என்று, இறந்தவர்கள் வந்த வேனை மூன்று முதியவர்களும் சரிவில் தள்ளிவிடுகிறார்கள். வேன் உருண்டு போகிறது. போய் நிற்கிறது. அவ்வளவுதான். வெடிக்கும் என்று நினைத்தேனே என்று ஒருவர் சொல்ல, அதெல்லாம் சினிமாவில்தான், சினிமா பெரிய ஏமாற்று என்று பதில் வருகிறது. நான் படத்தை நிறுத்திவிட்டு உறையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த எரியும் டாங்கியை வரைந்தவருக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்ட யாருமே இல்லாமல் போனார்களே என்று உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

படம் பெரும்பாலும் ரஷ்ய மொழியில் பேசுகிறது, இடையிடையே எஸ்டோனியன், ஜார்ஜியன். அப்பாவுக்கு ஆங்கில வசன வரி படிக்கவராது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “புரிகிறதுப்பா. நீ பேசாமல் பார்.” அவர் சொன்னது சரி. நடப்பவை அனைத்தும் ரொட்டி வெட்டுவது, தேநீர் ஊற்றுவது, கட்டு மாற்றுவது, கதவைச் சாத்துவது. அகமது எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும், நண்பனைக் கொன்றவன் பக்கத்து அறையில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறான். அவனைக் கொல்வேன் என்கிறான். இவோ கெஞ்சவில்லை, போரைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. என் வீட்டுக்குள் யாரும் யாரையும் கொல்ல முடியாது, கொல்வதென்றால் முதலில் என்னைக் கொல் என்கிற உறுதியில் நிற்கிறார். கடைசியில் அகமது வாக்குக் கொடுக்கிறான்: இந்த வீட்டுக்குள் தொட மாட்டேன், வெளியே வந்தால் விட மாட்டேன்.

இந்த வாக்குத்தான் படத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். இவோ உலகத்தில் அமைதி வேண்டும் என்று கேட்கவில்லை. அப்காசியாவில் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. தன் வாசற்படி வரைக்கும் கேட்கிறார். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு கொலையைத் தடுக்க அந்த வயதான மனிதர் எவ்வளவு உழைக்கிறார் என்பதைப் படம் முழுக்கப் பார்க்கிறோம். இரவில் விழித்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே மேசைக்கு வரும்போது நடுவில் உட்கார்கிறார். பேச்சு தடிக்கும்போது ஒரே ஒரு சொல்லில் அடக்குகிறார். இடையில் பட்டறைக்குப் போய்ப் பெட்டி செய்கிறார், ஏனென்றால் பழம் காத்திருக்காது. நல்லவராக இருப்பது அன்றாடம் செய்து முடிக்க வேண்டிய வேலை என்பதுபோல இவ்வளவு நிதானமாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

இவோவாக நடித்தவர் லெம்பித் உல்ஃப்சாக். எஸ்டோனியாவின் மிகப் பெரிய நடிகர்களில் ஒருவர், 2017இல் மறைந்துவிட்டார். அவர் முகத்தில் நடிப்பென்று தனியாக எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. மார்குஸாக வரும் எல்மோ நியூகானென் அந்த நாட்டின் பெயர்பெற்ற இயக்குநர், போர்ப் படங்களும் எடுத்தவர். அகமதாக கியோர்கி நகாஷிட்ஸே. ஜார்ஜியர்களை வெறுக்கும் அந்தச் செச்சென் வேடத்தில் நடித்தவரும் ஒரு ஜார்ஜியர்தான் என்பதைப் பிறகு படித்தபோது இன்னொரு முறை படம் பார்க்கத் தோன்றியது. எழுதி இயக்கியவர் ஸாஸா உருஷாட்ஸே. அவரும் ஜார்ஜியர். தோற்ற பக்கத்தைச் சேர்ந்த ஒருவர், தன் நாட்டின் காயம் ஆறாத ஒரு போரை, எதிரணியில் நின்றவனுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்து எடுத்திருக்கிறார். 2019இல், ஐம்பத்து நான்கு வயதிலேயே இறந்துபோனார். 2013இல் வெளிவந்த இந்தப் படத்தை எஸ்டோனியா ஆஸ்கருக்கு அனுப்பியது. இறுதிப் பட்டியலுக்குப் போன முதல் எஸ்டோனியப் படம் இதுதான். 2015இல் விருதைப் போலந்தின் ‘இடா’ பெற்றது. மொத்தம் எண்பத்தேழு நிமிடம்.

அம்மா எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியவில்லை. இவோவின் பேத்தியின் புகைப்படத்தை அகமதும் நிக்கோவும் தனித்தனியாகப் பார்த்து, இது யார் என்று கேட்கும் இடத்தில் “பேத்தியா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பேத்தி எஸ்டோனியாவுக்குப் போய்விட்டாள். படம் மட்டும் வீட்டில் இருக்கிறது. இரண்டு எதிரிகளும் ஒரே படத்தின் முன்னால் ஒரே மாதிரி நிற்கிறார்கள். அம்மா கரண்டியைக் கையில் வைத்தபடியே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அகமது கூலிக்குச் சண்டை போடுகிறவன், குடும்பம் பிழைக்க வேண்டும் என்று வந்தவன் என்று சொன்னேன். நிக்கோ நாடக நடிகன் என்றும் சொன்னேன். “பிறகு ஏன் அங்கே போய்ச் சுட்டுக்கொள்கிறார்கள்?” என்றார். இவோவும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அகமது மாறுவதாகப் படம் ஓரிடத்திலும் அறிவிக்கவில்லை. எனக்கு மிகப் பிடித்த காட்சி இது: அகமதின் பக்கத்தைச் சேர்ந்த அப்காசிய வீரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நிக்கோ ஜார்ஜியன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேலை முடிந்தது. அவன் வாக்கும் மீறப்படாது. அகமது சொல்லவில்லை. இவன் என் ஆள், தலையில் அடிபட்டதால் பேச முடியவில்லை என்று மறைத்துவிடுகிறான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை. அவனும் விளக்குவதில்லை. அதற்குப் பிறகும் நிக்கோவிடம் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். அப்பா மெல்லச் சொன்னார்: “உப்புத் தின்றுவிட்டானல்லவா.”

நிக்கோவிடம் ஒரு பழுதான பாட்டுக் கேசட் இருக்கிறது. சண்டையில் நாடா அறுந்துவிட்டது. உட்கார்ந்து பொறுமையாக ஒட்டிக்கொண்டிருக்கிறான். கேசட் நாடாவை ஒட்டிப் பார்த்த தலைமுறைக்கு அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியும். என்ன பாட்டு என்று யாரும் கேட்டுவிட முடியாது, கடைசிக் காட்சி வரை அது ஒலிக்காது.

இனிமேல் முடிவைச் சொல்லப்போகிறேன். படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சண்டை மறுபடி வாசலுக்கு வருகிறது. இம்முறை வருகிறவர்கள் அகமதைச் செச்சென் என்றே நம்ப மறுக்கிறார்கள். நீ ஜார்ஜியன் என்கிறார்கள். அவனைச் சுடப்போகும்போது வீட்டுக்குள்ளிருந்து அவர்களை நோக்கிச் சுடுவது நிக்கோ. கொல்வேன் என்று சொன்னவனைக் கொல்லப்படவேண்டியவன் காப்பாற்றுகிறான். அதில் மார்குஸ் இறந்துபோகிறார். நிக்கோவும் இறந்துபோகிறான். பழம் மரத்திலேயே நிற்கிறது.

நிக்கோவுக்கு இவோ செய்யும் சவப்பெட்டியைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அதே கை, அதே பலகை, அதே ஆணி. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

கடலைப் பார்த்த ஒரு மேட்டில் நிக்கோவைப் புதைக்கிறார்கள். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கல்லறை. அது இவோவின் மகனுடையது என்று அப்போதுதான் அகமதுக்குத் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. போர் தொடங்கியதும் மண்ணைக் காக்கப் போகிறேன் என்று கிளம்பியவன், ஜார்ஜியர்களால் கொல்லப்பட்டவன். அப்படியிருந்தும் ஒரு ஜார்ஜியனை அவனுக்குப் பக்கத்தில் புதைக்கிறீர்களா என்று அகமது கேட்கிறான். அதில் என்ன வித்தியாசம் இருக்கிறது, சொல் என்று திருப்பிக் கேட்கிறார் இவோ. அவர் ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதற்குப் படம் முழுக்கப் பலரும் பதில் தேடியிருந்தார்கள். அந்தக் கல்தான் பதில். மகனைக் கொன்ற இனத்தைச் சேர்ந்த ஒருவனுக்கு இத்தனை நாளும் கஞ்சி ஊற்றியிருக்கிறார், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல். எனக்கு அந்த இடத்தில் முதல் காட்சியிலிருந்து அவர் செய்த ஒவ்வொன்றும் மறுபடி ஓடியது. அகமதைத் தடுத்த ஒவ்வொரு முறையும் அவர் தன்னையும் தடுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அகமது இன்னொன்றும் கேட்கிறான். செத்தது நானாக இருந்தால் என்னையும் மகனுக்குப் பக்கத்தில் புதைத்திருப்பீர்களா? புதைத்திருப்பேன், ஆனால் கொஞ்சம் தள்ளி என்கிறார் இவோ. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். துயரத்தின் உச்சியில் இப்படி ஒரு சிரிப்பை வைக்க உருஷாட்ஸேவுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும், தன் பாத்திரங்கள் மீதும் நம் மீதும். அகமது வண்டியேறிப் போகிறான். நிக்கோ ஒட்டிய கேசட்டை உள்ளே போடுகிறான். ஜார்ஜியப் பாட்டு ஒலிக்கிறது.

இந்தப் படத்துக்கு அப்படி ஓர் உறை போட்டவர்கள்மீது எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அழகாக இல்லை என்பது என் குறையே அல்ல. அணுகுண்டும் கமாண்டோவும் தேடி வாங்குகிறவர் பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிடுவார். பார்க்க வேண்டியவர்களோ, என் அம்மாவைப்போல, உறையைப் பார்த்ததுமே எழுந்து போய்விடுவார்கள். படம் யாருக்கும் போய்ச் சேராமல் கூடையின் அடியில் கிடக்கும். எத்தனை ஊர்களில் எத்தனை கூடைகளில் அப்படிக் கிடந்ததோ.

மைத்துனர் அடுத்த வாரம் வந்தார். டாங்கி எப்போது வரும் என்று முதல் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு கேட்கவில்லை. முடிந்ததும் அவர் பேசியதெல்லாம் மார்குஸைப் பற்றித்தான்: அந்த மனிதர் தோட்டத்தை விட்டுவிட்டு முன்னாலேயே போயிருக்கலாமே என்று. போயிருக்க முடியாது என்று அப்பா வாதாடினார். பழம் பறிக்கிற பருவத்தில் தோட்டக்காரன் எப்படிப் போவான், பெட்டி வேறு தயாராகிக்கொண்டிருக்கிறது. பேச்சு இரவுச் சாப்பாடு வரைக்கும் நீண்டது. அம்மா மார்குஸ் பக்கம்.